தலைவலி நோட்டு

எனக்கு ஒற்றைத் தலைவலி வந்தது பத்தாம் வகுப்பு படித்த வருடம். அத்தா எனக்குக் கிடைத்தது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டினார். அவர் போனபோது எனக்கு மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது நாள் லீவில் எங்கள் ஊர் வீரசோழனுக்கு வருவார். முதல் இருபது நாள் அவருக்கும் எனக்கும் கூச்சம் தெளியாது. பேசத் தொடங்கும்போது பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. கணவர் துபாயில். பிள்ளை இல்லை. அதனால் நான் அம்மாவோடுதான் இருந்தேன். காலையில் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பம் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தா வந்த மறுநாள் பெட்டியைப் பிரித்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்து என் முழங்கையில் அடித்தார். அது போதுமாக இருந்தது. கால் மணி நேரத்தில் இடது கண்ணுக்குள் வெள்ளைக் கோடு ஒன்று மடங்கி மடங்கி ஓட ஆரம்பித்தது. அந்தக் கோடு வந்தால் பார்வையில் ஒரு பாதி அழிந்துபோகும். எதிரில் நிற்பவரின் ஒரு கண் இருக்கும், மற்றது இருக்காது. கோடு இருபது நிமிடம் ஓடும், அது போன பிறகு வலி வரும். அன்றைக்கு மூன்று தடவை வாந்தி எடுத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிமெண்டுத் தரையில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடந்தேன். அத்தா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கதவருகில் நின்றது தெரிந்தது. அவர் அம்மாவிடம் கேட்டார்.

"எத்தன வருசமா இப்படிக் கெடக்கு?"

அம்மா சொன்னாள். மறுநாள் அத்தா பெட்டியிலிருந்த சென்ட், வாசனை சோப்பு எல்லாவற்றையும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போதுகூட அதற்குப் பிறகு அவர் அத்தர் தொட்டதில்லை.

அதுவரைக்கும் என் தலைக்கு என்னவெல்லாமோ செய்திருந்தோம். முதலில் கண்ணாடி. அருப்புக்கோட்டையில் கண் சோதித்துப் போட்டுக்கொண்டேன். கண் தெளிவாகத் தெரிந்தது, வலியும் தெளிவாக வந்தது. பிறகு சைனஸ் என்று ஒரு டாக்டர் சொல்ல, ஒரு வருடம் ஆவி பிடித்தேன். சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டு நெற்றித் தோல் கறுத்தது. மூக்கில் சொட்டு மருந்து விடும் வைத்தியர் ஒருவரிடம் மல்லாங்கிணறு பக்கம் அம்மா கூட்டிப் போனாள். அந்த எரிச்சல் தாங்காமல் நான் கத்தியதில், வலி இறங்கிவிட்டது என்று அவர் சொல்ல, அம்மாவும் நம்பினாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். மதுரையில் ஒரு பெண்ணிடம் ஹிஜாமா செய்தோம். கழுத்துக்குக் கீழே கீறி, கிண்ணம் வைத்து ரத்தம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வலி இல்லை. அந்த மூன்று வாரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருடம் அங்கே போய்வந்தோம்.

கடைசியில் மிஞ்சியது மருந்துக்கடை மாத்திரைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் நான் போய் நின்றாலே அட்டையைக் கத்தரித்துத் தந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் மாதம் நாலு. அப்புறம் வாரம் நாலு. அத்தா வந்த சமயத்தில் காலையில் எழுந்ததும் ஒன்று, வேலையில் ஒன்று என்று ஆகியிருந்தது. வலி வந்தால் போடுவது போய், வந்துவிடுமோ என்று போடுவேன்.

அத்தாதான் விசாரித்து, மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் என்னைக் கூட்டிப் போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் மதுரைக்குப் போகும்போது இடது பக்கம், சாயங்காலம் திரும்பும்போதும் இடது பக்கம், வெயில் முகத்தில் விழாது என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். நான் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பேன். அவர் மெதுவான குரலில் எதையாவது சொல்லிக்கொண்டு வருவார். பாலைவனத்தில் லாரி புதைந்து ஒரு பகல் முழுக்க லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுத்துக் கிடந்தது. சவூதிக்குப் போகுமுன் இங்கே லாரி ஓட்டியபோது, நான் பிறந்த சேதி வழியில் அவருக்குக் கிடைத்த விதம். என் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல், அன்றைக்கும் தண்ணீர் லோடு அடித்தது. அதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் அம்மா வயதானவர். ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று பயந்து போனோம். அவர் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். எப்போது வரும், எந்தப் பக்கம், சாப்பிடாமல் இருந்தால் வருமா, நோன்பு நாளில் எப்படி, எத்தனை மாத்திரை. எண்ணிக்கையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு இருப்பது மைக்ரேன், அது ஆளைக் கொல்லாது, ஆனால் இந்த மாத்திரைகளே இப்போது தினமும் வலியை வரவழைக்கின்றன என்றார். ஒரேயடியாக நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பத்து நாள் வலி இன்னும் கூடும், அதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வலி வராமல் தடுக்க ராத்திரி ஒரு மாத்திரை தனியாக எழுதினார். அது பிரஷருக்கும் கொடுக்கிற மாத்திரைதான் என்று அவர் சொன்னதும் அத்தா பதறிவிட்டார்.

"புள்ளைக்கு பிரஷரா டாக்டர்?"

இல்லை, இதே மாத்திரை தலைவலியையும் தடுக்கும் என்று அவர் விளக்கினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது தலைவலி உண்டா என்று கேட்டார். அத்தா சிரித்தார்.

"எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கெடையாது. இருபத்தெட்டு வருசம் அந்த வெயில்ல கெடந்து வந்தவன்."

ஒரு நோட்டுப் போட்டு, வலி வந்த தேதி, நேரம், எந்த இடம், எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டது, மாத்திரை போட்டதா என்று எழுதி அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார் டாக்டர். வலியில் கிடப்பவள் எப்படி எழுதுவாள் என்று அத்தாவே அதை எடுத்துக்கொண்டார். திரும்பும்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்து அவரிடம் கொடுத்தேன். கைப்பையில், பீரோவில், தலையணை உறைக்குள் என்று ஒளித்து வைத்திருந்தது பதினோரு அட்டை. தூரப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு மருந்துக்கடைக்கே போய், என் மகள் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பத்து நாளை நான் எழுதிக் காட்ட முடியாது. சவூதியிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளியை அத்தா ஜன்னலில் ஆணியடித்து மாட்டினார். அம்மா குக்கர் வைக்கக் கூடாது, பானையில்தான் சோறு. மீன்காரர் எங்கள் தெருவில் ஹாரன் அடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அத்தா தெரு முக்கில் போய் நின்று கேட்டுக்கொண்டதால். நாலாம் நாள் மத்தியானம் நான் தாங்காமல் ஒரே ஒரு மாத்திரை கொடுங்கள் என்று அவர் காலைப் பிடித்தேன். என்னை வளர்க்காத மனிதர் நீங்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்றுகூடச் சொன்னேன். அவர் ஈரத்துணியைப் பிழிந்து என் நெற்றியில் போட்டார். "சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு. மாத்திர மட்டும் கேக்காத" என்றார்.

பன்னிரண்டாம் நாள் வலி இல்லாமல் கண் விழித்தேன். வெளிச்சத்தில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் மனுஷியாக இருந்தேன். வலி அடியோடு போகவில்லை. மாதம் இரண்டு, மூன்று வரும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்ற கண்டிப்பு. பசியோடு இருக்காமல், நேரத்துக்குத் தூங்கிப் பழகினேன். நோன்பு மாதத்தில் வலி வந்து நோன்பை விட்ட நாளில் நான் அழுதபோது, நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை நீ வேண்டாம் என்று சொல்வாயா என்று அத்தாதான் சோற்றைப் பிசைந்து கொடுத்தார். மதுரைக்கு மாதாமாதம் போனது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆனது.

ஒருநாள் அவர் விளையாட்டாகச் சொன்னார்: "ஒனக்குச் சரியானதுல எனக்குத்தான் நட்டம். பஸ்ஸுல போயி எத்தன மாசமாச்சு." நானும் சிரித்தேன். வெறுமனே ஒருநாள் மதுரைக்குப் போய்வரலாம் அத்தா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை இருந்தது.

அவர் சும்மா இருக்க முடியாமல் ஊருக்கு வெளியே கொஞ்சம் கரிசல் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போட்டிருந்தார். அந்த வருடம் ஐப்பசி மழை பேர் சொல்லும்படி பெய்தது. பங்குனியில் பழம் பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். காலையிலேயே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனால் மத்தியானம்தான் வருவார். சில நாள் முகம் சிவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவார். வெயில் என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் பிடரியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். தலையணை சரியில்லை என்று நினைத்தேன். தலைவலியைப் பற்றி இந்த ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. நான் அப்படி நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சென்டருக்கு அம்மாவிடமிருந்து போன். களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் 108-க்குச் சொல்லி, வண்டி திருச்சுழி வழியாக வரும்போது நான் ரோட்டில் நின்று ஏறிக்கொண்டேன். அவர் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சட்டையெல்லாம் மிளகாய் நெடி. என்னைப் பார்த்ததும் பேச முயன்றார். சத்தம் மட்டும் வந்தது.

அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். பிரஷர் அளவைப் பார்த்த நர்ஸ் இரண்டாவது தடவை கருவியைக் கட்டினார். மூளைக்குள் ரத்தக்கசிவு. இத்தனை பிரஷர் ஒரே நாளில் வந்திருக்காது, நாலைந்து மாதமாவது இருந்திருக்கும், தலைவலி என்று சொன்னாரா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அம்மா தலை குனிந்திருந்தாள். நான்தான் பதில் சொன்னேன்: "இல்ல டாக்டர். அவருக்குத் தலைவலியே வராது."

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பேச்சும் போயிருந்தன. பதினேழு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்த மாதம் என் டாக்டரிடம் போக வேண்டிய முறை வந்தது. நோட்டைத் தேடினேன். அத்தாவின் துணிகளுக்கு அடியில் இருந்தது. என் முறைக்காக அதைப் புரட்டினேன். முதல் பக்கங்கள் எல்லாம் என்னுடையவை. 'இடது பக்கம். வாந்தி 2. பஸ்சில் வெயில் பட்டது' என்று அவருடைய கோணல் எழுத்தில். எனக்குக் குறையக் குறைய இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு திடீரென்று ஒரு பக்கம் நிறைந்திருந்தது. தை மாதத் தேதிகள். 'காலை. பின்மண்டை. 2 மணி நேரம். மாத்திரை 1.' அடுத்த நாளும் அதேதான். அதற்கு அடுத்த நாள் மாத்திரை இரண்டு.

எனக்கு ஒருநாளும் பின்மண்டையில் வலித்ததில்லை. தை மாதம் நான் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. அப்போதும் எனக்கு உடனே புரியவில்லை. அவர் தேதி மறந்து ஏதோ எழுதியிருக்கிறார் என்று இரண்டு பக்கம் புரட்டினேன். பங்குனியில், அவர் விழுந்த செவ்வாய்க்கு முந்தின நாள்வரை இருந்தது. நோட்டுக்கு அடியில் நான் கொடுத்த அட்டைகள் இருந்தன. பதினொன்றில் எட்டு காலி.

என் டாக்டரிடம் அதைக் காட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. பிரஷர் இருப்பவர்கள் தொடக்கூடாத மாத்திரை அது, ரத்தக்குழாயைச் சுருக்கும் என்றார். ஆனால் பார்க்காமல் விட்ட பிரஷரே போதும், இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, என் கையைத் தட்டினார். திரும்பி வரும்போது தனியாக வந்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்று ஞாபகமில்லை.

அத்தா ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். நான் வேலையை விட்டுவிட்டேன். முகம் துடைப்பேன், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன். பிரஷர் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பேன். சில நேரம் இடது கையைத் தூக்கிப் பிடரிப் பக்கம் கொண்டுபோவார். "வலிக்குதா அத்தா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவார். ஒருமுறை நோட்டைக் காட்டி, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதில் சொல்ல வாயில்லாதவரிடம் கேட்கிற கேள்வியா அது. அவர் இடது கையால் நோட்டை வாங்கித் தலையணைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஆவணியில் சளி கட்டி, மூன்று நாளில் முடிந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் நான் கண் மூடவில்லை, சாப்பிடவுமில்லை. குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்திக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கற்பூரமும் அத்தரும் வீடெல்லாம் நிறைந்திருந்தன. அந்த வாசனையா, பட்டினியா, எதுவென்று தெரியாது, என் இடது கண்ணில் கோடு ஓட ஆரம்பித்தது. முகம் பார்க்கிறவர்கள் வந்து பாருங்கள், லுஹர் தொழுகைக்குத் தூக்க வேண்டும் என்று வாசலிலிருந்து குரல் வந்தது. இன்னும் இருபது நிமிடம் பொறுங்கள் என்று எப்படிக் கேட்பது. எழுந்து போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவர் முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது. ஒரு புருவம், மூக்கின் ஒரு பக்கம், நரைத்த தாடியில் கொஞ்சம். மற்றப் பாதியில் வெள்ளை வெளிச்சம் நெளிந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருப்பிய பக்கமெல்லாம் அதுவும் வந்தது. துணியை மூடிவிட்டார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக் கலிமா சொல்லிக்கொண்டு தெருவில் போகும்போது, நான் உள்ளறையில் வாளியைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இத்தா இருந்தாள். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். ஒரு மத்தியானம், மிச்சமிருந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது அம்மா நிமிராமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். தையிலருந்தே அவுகளுக்கு வலி. மாத்திர போட்டா கேக்குதுன்னாக. நானும் சரின்னு விட்டுட்டேன்."

நான் கிள்ளுவதை நிறுத்திவிட்டேன்.

"ஒங்கிட்டச் சொல்வோம்னேன். வேணாம்னுட்டாக. புள்ள இப்பத்தான் நல்லாருக்கு, தலவலின்னு வீட்டுல பேச்செடுத்தாலே அதுக்கு வந்துரும்னாக. டாக்டர் கேட்டப்பயும் நான் வாயத் தொறக்கல. படுத்தபெறகும் எங்கிட்ட வலிக்குதுன்னு தலையாட்டுவாக. நீ கேட்டாத்தான் இல்லம்பாக."

அவள் கைகளில் மிளகாய்க் காந்தல் இருந்தது. கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். இதில் உன் தப்பு ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள். நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

இத்தா முடிந்து, இப்போது அம்மாவை மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். பிரஷர் பார்க்கிறோம். வரும் வழியில் இரண்டு பேரும் டீ குடிக்கிறோம். பேசுவதற்கு நேரம் நிறையவே இருக்கிறது. அந்த வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை.